தாச்சி வைக்காத வீடு

எங்கள் தெருவில் நத்தார், கிறிஸ்து பிறந்த பண்டிகை, மூக்கு வழியாகத்தான் வரும். மார்கழி பாதியைத் தாண்டியதும் ஏதாவது ஒரு வீட்டில் எண்ணெய் கொதிக்கத் தொடங்கும். அடுத்த நாள் அதன் பக்கத்து வீடு, பிறகு மூலை வீடு. அதன்பின் கோயிலடி வரைக்கும் ஒரே எண்ணெய் மணம்தான். வருடம் முழுக்க எங்கள் கரையை ஆளுகிற கருவாட்டு மணம்கூட அந்த நாட்களில் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். பெண்கள் ஒருவரையொருவர் கண்டால் சுகம் கேட்பதில்லை. "தாச்சி வைச்சாச்சே?" என்றுதான் கேட்பார்கள். தாச்சி என்பது பலகாரம் பொரிக்கிற இரும்புச் சட்டி. அதை அடுப்பில் ஏற்றியாயிற்று என்றால் அந்த வீட்டில் எல்லோரும் நலம் என்று அர்த்தம்.

எனக்குப் பலகாரம் பிடிக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தட்டோடு வரவேண்டாம். பயற்றம் பணியாரம் வாயெல்லாம் மாவாகும், முறுக்கு பல்லைக் கேட்கும். எங்கள் வீட்டு நத்தாரில் என் பங்கு ரிச் கேக்கும் திராட்சை வைனும். மன்னாரில் நான் வேலை செய்கிற மருந்துக் கடையிலிருந்து வரும்போது ரவையும் கஜுவும் பழவற்றலும் வாங்கிவந்து, வற்றலைச் சாராயத்தில் ஊறப்போடுவேன். வைன் சாடியின் வாயைத் துணியால் கட்டுவது அண்ணனின் வேலை. பிறகு அந்தக் கட்டை யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துக் குடித்துப் பார்ப்பதும் அவன் வேலைதான்.

பலகாரம் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு ஒரு நத்தார் இருக்கிறது. எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அந்த வருட நத்தாருக்குத் தாச்சி வைப்பதில்லை. அந்த வீட்டுக்கு அயலவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நத்தாருக்கு முதல்நாள், பகல் வெளிச்சத்தில், தட்டை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு பின்பக்கம், சமைக்கிற குசினியின் வாசலால் வருவார்கள். யாரும் பேசமாட்டார்கள். வாங்குகிறவர் பலகாரத்தை எடுத்துக்கொண்டு தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்ற நாட்களில் வெறுந்தட்டுத் திருப்பிக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் மானம் போய்விடும், ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். நத்தாரன்று பூசை முடிந்து வீட்டுக்கு வீடு மாறுகிற தட்டுகள் முன்வாசலால் நிறைந்து போய், நிறைந்து வரும். சாவு வீட்டுத் தட்டு மட்டும்தான் வெறுமையாகப் போகும்.

அப்பா இறந்த வருடம் நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. குசினி வாசலால் தட்டுத் தட்டாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வீட்டுக் கொக்கிசையும் மறு வீட்டுத் தொதலையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு வயிறு முட்டத் தின்றேன். அண்ணன் ஒன்றையும் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "இதெல்லாம் அப்பா செத்ததுக்குத் தந்தது, விசரி" என்றான். வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த இனிப்பு இன்றைக்கும் என் தொண்டையில் அப்படியே நிற்கிறது.

அண்ணன் வளர்ந்து அப்பாவின் கடலுக்கே போனான். கடலில் பிடித்ததைப் பெட்டியில் கட்டி, மோட்டார் சைக்கிளில் நானாட்டான் பக்கம் கொண்டுபோய் விற்பான். ஒரு வீட்டு வாசல் படலையில் மட்டும் அவன் மீனை எப்போதும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துக் கொடுத்தான். மலையகத்திலிருந்து வந்து அங்கே வயல்வேலை செய்து குடியேறிய குடும்பம். எங்களைப்போல வேதக்காரர்தான். அந்த வீட்டுப் பெண்ணைத்தான் கட்டினான். எனக்கு மச்சாள், வயதில் என்னை ஒத்தவள். அம்மாவை அவள் "அத்தை" என்று கூப்பிட்டாள். இங்கே மருமக்கள் "மாமி" என்பார்கள். அம்மா சில மாதம் அந்தச் சொல்லுக்குக் காது கேட்காதவர்போல இருந்துவிட்டு, பிறகு பழகிக்கொண்டார்.

குசினியில் பழக அதைவிட நாட்கள் எடுத்தன. நத்தார்க் காலையில் எங்கள் வீட்டில் பாலப்பமும் கோழிக்கறியும். அவர்கள் வீட்டில் தோசையும் ஆட்டுக்கறியும். "தோசையோ? நத்தாருக்கோ?" என்று அம்மா கேட்ட விதத்தில் யாராக இருந்தாலும் ஊரை விட்டே ஓடியிருப்பார்கள். மச்சாள் ஓடவில்லை. அடுத்த வருடம் இரண்டும் சுட்டாள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சி, மா கிளறி, பானையில் போட்டு வாயைக் கட்டி மூலையில் வைப்பாள். நாள் போகப் போக மா பதமாகும். பொரித்தால் எங்கள் பணியாரத்தைவிட நன்றாக இருக்கும். இதை அம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, ஆனால் யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்பார். திருட்டுத்தனம் அண்ணனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த மார்கழியில் காற்று ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. வாடைக்காற்று அடிக்கிற காலம்தான், ஆனால் அது விட்டு விட்டு அடித்தது. இடையில் மணிக்கணக்காக ஓலை அசையாது. தெருக் கழுதைகள் மழைக்கு முன்பே வந்து எங்கள் மதிலோடு ஒட்டி நின்றன, துரத்தினாலும் போகவில்லை. அம்மா பயறு வறுத்து மாவாக்கிவிட்டார். மச்சாளின் அதிரச மா மூலையில் இருந்தது. தாச்சியைக் கழுவித் துடைத்து அடுப்பில் ஏற்றி எண்ணெயும் ஊற்றியாகிவிட்டது. முறுக்கு உரலைப் பிழிய அண்ணனின் கை வேண்டும். அவனோ நண்டு வலை கடலில் கிடக்கிறது என்று நின்றான்.

"காத்து ஒரு மாதிரிக் கிடக்கு. வலை போனாப் போகட்டும்" என்றார் அம்மா.

"வலையை விட்டிட்டு இருக்கேலுமேம்மா? இழுத்துக்கொண்டு ஓடியாறன். எண்ணெயைச் சுட வையுங்கோ, கொதிக்க முந்தி நிப்பன்."

மச்சாள் தோசையும் சம்பலும் வைத்துக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, தனியாகத்தான் போனான். கரைக்குப் பக்கத்து வலைதானே, துணைக்கு ஆள் எதற்கு என்றான். அம்மா அடுப்பை மூட்டவில்லை. எண்ணெயை ஒரு மூடியால் மூடினார். அவன் வரட்டும், தொடங்குவம் என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று திரும்பியது. கடலின் சத்தம் கிணற்றடி வரைக்கும் வந்தது. அண்ணனின் போனுக்கு அடித்தால் ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் ஒரே பதிலைச் சொன்னது. அவள் மீது எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. காற்றுக் கொஞ்சம் குறைந்தபோதெல்லாம் ஊர் ஆண்கள் வள்ளம் எடுத்துத் தேடினார்கள், நேவிக்காரர்களும் தேடினார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து எங்கள் முற்றத்தில் நின்று, தேடிய இடங்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாச்சியில் எண்ணெய் அப்படியே இருந்தது. அம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் மூடியைத் திறந்து, விழுந்த எறும்பைக் கரண்டியால் எடுத்துவிட்டுத் திரும்ப மூடுவார். தெருவிலோ எண்ணெய் மணம் குறைந்துகொண்டு வந்தது. பொரிக்கிறவர்களும் யன்னலைச் சாத்திக்கொண்டு பொரித்தார்கள். கடைக்குத் தேங்காய் வாங்கப் போனேன். உள்ளே பெண்கள் கதைத்துக்கொண்டு நின்றார்கள், என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒருத்தி என் தோளைத் தடவினாள். தாச்சி வைச்சாச்சே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இந்தத் தெரு ஏதோ முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது, எங்களைக் கேளாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பயந்தேன்.

நத்தாருக்கு முதல்நாள் விடியத்தான் செய்தி வந்தது. முள்ளிக்குளம் பக்கத்தில் ஒரு வள்ளம் ஒதுங்கியிருக்கிறதாம். சித்தப்பா வான் பிடித்துக்கொண்டு வந்தார். மச்சாள் வரமாட்டேன் என்றாள். "நாங்க எல்லாரும் போயிட்டா, அவரு வந்து கதவு பூட்டியிருக்கிறதைப் பாக்கணுமா?" என்று கேட்டாள். அம்மாவும் நானும் சித்தப்பாவும் போனோம்.

அண்ணனின் வள்ளம்தான். கவிழ்ந்து கிடந்ததை நேவிக்காரர்கள் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உள்ளே பாதிக்கு மணல். அம்மா செருப்போடு உள்ளே ஏறி, குனிந்து, மணலுக்குள் கையை விட்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் தடவிப் பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார்.

"சாப்பாட்டுப் பெட்டி இல்லை."

"அக்கா..."

"பெட்டி இல்லை. எடுத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறான். இந்தியாக்காரன்ர போட்டில ஏறியிருப்பான். வள்ளம் வந்ததுக்கு அவன் செத்தான் எண்டோ?"

திரும்பி வரும் வழி முழுக்க அம்மா அந்தப் பெட்டியைப் பற்றியே கதைத்தார். மூடி இறுக்கமான பெட்டி, தண்ணி போகாது, தோசை இரண்டு நாளைக்குத் தாங்கும். நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு அவரை நம்பப் பார்த்தேன். கொஞ்சம் நம்பவும் செய்தேன்.

வீட்டுக்குள் வந்தபோது குசினி மேசை முழுக்க வெள்ளைத் துணி.

தட்டுகள். ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு, இடம் போதாமல் கதிரைகளிலும். மச்சாள் நடுவில் நின்றாள். அந்த நாட்களில் முதல்தடவையாக அவள் முகத்தில் சாடையான ஒரு வெளிச்சம் இருந்தது.

"பக்கத்து வீட்டு ஆண்டி முதல்ல கொண்டாந்தாங்க அத்தை. அவங்க போனதும் ஒவ்வொருத்தரா வந்தாங்க. பேசக்கூட முடியாம கண்கலங்கி நின்னாங்க. எவ்வளவு நல்ல மனசு!"

அவளுக்குத் தெரியாது. அவள் ஊரில் தட்டு வந்தால் தட்டு, அவ்வளவுதான். அதற்கு வாசலும் கிடையாது, நாளும் கிடையாது. அவள் எங்களோடு இருந்த வருடங்களில் எங்கள் சொந்தத்தில் சாவு விழவில்லை, அதனால் யாரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. பக்கத்து வீட்டு மாமி வள்ளத்தின் செய்தி கேட்டுத் தயங்கித் தயங்கித்தான் குசினி வாசலுக்கு வந்திருப்பார். இவள் இரண்டு கையாலும் வாங்கிவிட்டாள். வாங்கிவிட்டாளாம் என்ற கதை தெருவில் போயிருக்கும். பிறகு எந்த வீடு சும்மா இருக்கும்?

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டியே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மச்சாள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், இந்தத் தட்டுகள் என்ன தட்டுகள் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தட்டுகளை வெறுமையாத் திருப்பிக் குடுத்தனீயோ?" அம்மா திடீரென்று கேட்டார்.

"இல்லத்தை. வெறுந்தட்டு எப்படிக் கொடுக்கிறது? நாளைக்கு அதிரசம் போட்டுக் கொடுக்கலாம்னு... ஒண்ணையும் எடுக்கலை. வந்தது வந்தபடி இருக்கு."

அம்மா மேசையைப் பார்த்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. "அப்ப இன்னும் முடியேல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எங்கள் தெருவில் அதற்கு முன் யாரும் செய்ததில்லை. ஒவ்வொரு தட்டாக எடுத்து, துணியைக்கூடக் கலைக்காமல், அது வந்த வீட்டுக்கே கொண்டுபோனார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையோடு பின்னால் ஓடினேன். முன்வாசலால் போய், "இதை மாறிக் கொண்டுவந்திட்டியள்" என்று கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வந்தார். சிலர் வாங்கிக்கொண்டு அழுதார்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சாவுக்கு வந்த தட்டைத் திருப்பி அனுப்புவது முகத்தில் துப்புவதற்குச் சமம். பக்கத்து வீட்டு மாமியிடம் கடைசியாகப் போனார். அது நீலப்பூப் போட்ட வெள்ளைத் தட்டு.

"நான் கெட்ட நினைப்பில கொண்டுவரேல்லை அக்கா" என்றார் மாமி.

"தெரியும். ஆனா என்ர வீட்டில தாச்சி வைப்பன்."

மாமி தட்டை வாங்கிக் கதவைச் சாத்தினார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. நாள்பட்டுக் கிடந்த எண்ணெய் முதலில் நுரைத்தது, பிறகு கறுப்பாகப் புகைந்தது. அம்மா முறுக்கு உரலைத் தானே பிழிந்தார். முறுக்கு ஒன்றும் வட்டமாக வரவில்லை. அதிரச மா அளவுக்கு மிஞ்சிப் புளித்திருந்தது. எண்ணெயில் போட்டதும் விரிந்து உடைந்தது. உடைந்ததை மச்சாள் அள்ளி அள்ளி எடுத்தாள். ஒருதரம் என் காதோடு கேட்டாள்.

"நான் வாங்கினதாலதான் அவரு போயிட்டாரா மச்சாள்?"

"விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்றேன். ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. அந்தப் புகை தெருவில் போவதையும், அதை மோந்து பார்த்து ஒவ்வொரு வீடாக அடங்குவதையும் என்னால் உணர முடிந்தது. செத்தவன் வீட்டில் பொரிக்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அன்றைக்குக் கடவுள் எங்கள் வீட்டை எந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

நத்தார்க் காலைப் பூசைக்குப் போய் வந்தோம். பாலன் குடிலுக்கு முன்னால் எங்களுக்காக எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அந்த மரியாதையை நான் வெறுத்தேன். வீட்டில் தட்டுகளை நிரப்பி மேசையில் அடுக்கிவிட்டுக் காத்திருந்தோம். முன்வாசலாலும் யாரும் வரவில்லை, குசினி வாசலாலும் வரவில்லை. நாங்கள் தட்டுக் கொண்டுபோனால் வாங்குவார்களா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை. பாலப்பமும் தோசையும் ஆறிப்போய்க் கிடந்தன.

வெயில் ஏறிய பிறகு படலை திறந்தது. பின்தெரு றாத்தா. புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து வட்டலப்பம் வரும். நத்தாருக்கு அவர்களுக்கென்று சாராயம் படாமல் ஒரு சின்னக் கேக் நான் தனியாகச் சுடுவேன். றாத்தா முன்வாசலால், வெறுங்கையோடு, வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"என்ன இன்னும் எங்கட பங்கு வரயில்ல? பிள்ளையள் காலையில இருந்து கேக், கேக் எண்டு உயிரை எடுக்குதுகள். அதான் நானே வந்திட்டன்."

அம்மா எழும்பிப் போய்த் தட்டைக் கொண்டுவந்தார். கேக், உடைந்த அதிரசம், கோணல் முறுக்கு. றாத்தா ஒரு முறுக்கைக் கடித்து, "உப்புக் கூடிப்போச்சு" என்றார். அம்மா சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். பல காலத்துக்குப் பிறகு றாத்தாவிடம் கேட்டேன், எங்கள் தட்டு வழக்கம் அன்றைக்குத் தெரியாதா என்று. "நான் இந்த ஊரில பிறந்தவள் புள்ள" என்றார், அவ்வளவுதான்.

அண்ணன் வரவில்லை. இந்தியாவில் எந்தச் சிறையிலும் அவன் பெயர் இல்லை. அம்மா நினைவுப் பூசை வைக்க விடவில்லை. கோயில் பாதிரியார், எங்கள் சுவாமி, மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். திரும்பி வருகிறதுக்கு ஒரு பூசை வையுங்கோ சுவாமி, அது காணும் என்றார் அம்மா. வருடா வருடம் தாச்சி வைத்தார். அண்ணன் கட்டிய வைன் சாடியை யாரும் தொடக்கூடாது. ஊரில் மற்ற வீடுகள் பொரித்து முடியும்வரை பார்த்திருந்து, கடைசியாக எங்கள் புகை எழும்பும். அதைக் கண்டால் தெருவில் போகிறவர்கள் நடையைக் கூட்டுவார்கள்.

இரண்டாவது வருடம் மச்சாளை அவள் அப்பா வந்து நானாட்டானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா மறிக்கவில்லை. ஆனால் நத்தார் வந்தால் ஒரு பெரிய தட்டை நிரப்பி, பளிச்சென்ற பூத்துணியால் மூடி, என்னிடம் கொடுத்து பஸ்ஸில் அனுப்புவார். நான் முன்வாசலால் கொண்டுபோவேன். அவர்கள் தோசையும் ஆட்டுக்கறியும் தந்து, தட்டில் அதிரசம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்த வீட்டுத் தகப்பனும் தாயும் என்னிடம் எதையோ கேட்க வாயெடுத்து விட்டுவிடுவார்கள். அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது, வந்துகொண்டும் இருக்கிறது என்பதை ஊர்க்கதையில்தான் அறிந்தேன். கைம்பெண் என்றால் பேசலாம். இவள் கைம்பெண்ணா, மனைவியா என்று யாருக்குத் தெரியும்?

போன நத்தாருக்கு முந்தின நத்தாரில் அவள் என்னை பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். இரண்டு பக்கமும் பச்சை வயல், நடுவில் சேறு. பஸ் வரும் சத்தம் கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"மச்சாள், கோவிக்காதீங்க. இனிமே தட்டுக் கொண்டு வராதீங்க. ஒவ்வொரு வருஷமும் இந்தத் தட்டு வந்து, அவரு இருக்காருன்னு சொல்லிட்டுப் போவுது. நான் இன்னும் ஒரு தடவைகூட ஒழுங்கா அழலை. எப்ப மச்சாள் நான் அழுறது?"

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவள் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னேன். மென்மைப்படுத்திச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் செய்திருக்கமாட்டேன். அம்மா தட்டிலிருந்த அதிரசத்தை எடுத்து டப்பாவில் போட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுக்க அதைப் பற்றிப் பேசவில்லை.

போன மார்கழியில் ஒருநாள் வேலையால் வந்தபோது வைன் சாடி கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முற்றம் முழுக்கக் காடி நாற்றம். பயறு வறுக்கிற நாள் வந்தது, போனது. தாச்சி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேக்குக்குப் பழம் ஊறப்போடவா என்று கேட்டேன். "றாத்தா வீட்டுக்கு மட்டும் கடையில வாங்கு" என்றார்.

நத்தாருக்கு முதல்நாள் காலையில் அம்மா வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குசினி வாசலில் போய் நின்றார். மாமி தாச்சியில் கொக்கிஸ் பொரித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த அச்சுக்கம்பி அப்படியே நின்றது. அந்த நத்தாருக்குப் பிறகு இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

"அண்டைக்குத் திருப்பித் தந்த தட்டைத் தா" என்றார் அம்மா.

மாமி அடுப்பை அணைத்தார். அலுமாரியைத் திறந்து அந்த நீலப்பூத் தட்டை எடுத்துக் கழுவித் துடைத்தார். பயற்றம் பணியாரம், முறுக்கு, கொக்கிஸ், தொதல் துண்டு என்று பார்த்துப் பார்த்து அடுக்கினார். வெள்ளைத் துணியால் மூடினார். அம்மாவின் கையில் கொடுக்கும்போது இரண்டு பேரின் கையும் அந்தத் தட்டில் கொஞ்ச நேரம் நின்றன. யாரும் பேசவில்லை.

அம்மா துணியைத் திறக்கவில்லை. நேரே பஸ்ஸுக்கு நடந்தார். மடியில் தட்டை வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தார். ஏறுகிறவர்கள் வெள்ளைத் துணியைக் கண்டு குரலைத் தாழ்த்தினார்கள். மன்னார்ப் பாலத்தைத் தாண்டும்போது கடல் இரண்டு பக்கமும் தகரம்போலக் கிடந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்க்கவில்லை. மச்சாள் என்ன செய்வாளோ, கதவைச் சாத்துவாளோ, அம்மா அதைத் தாங்குவாரோ என்றுதான் வழி முழுக்க நினைத்தேன்.

முன்வாசலில் மச்சாளின் தகப்பன் எழும்பி "வாங்க, வாங்க" என்றார். அம்மா தலையை அசைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய, பின்பக்கத்துக்குப் போனார். குசினிக்குள் மச்சாள் அதிரசத்துக்கு மா தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் அம்மாவைக் கண்டாள். பிறகு துணியைக் கண்டாள்.

"பிள்ளை, இது அண்டைக்கு உனக்கு வந்தது. நான்தான் திருப்பிக் குடுத்திட்டன்" என்றார் அம்மா.

மச்சாள் கையைக் கழுவினாள். அவள் தாய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியை, ஒருவரும் சொல்லாமலே, இறக்கி வைத்தார். மச்சாள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். பலகாரங்கள் ஒவ்வொன்றாக ஒரு பாத்திரத்தில் விழும் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டுப் பழக்கத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். மேசையில் தட்டிய அதிரசம் வட்டம் வட்டமாக இருந்தது.

அவள் வந்து தட்டை அம்மாவின் கையில் வைத்தாள்.

அம்மா குனிந்து பார்த்தார். பிறகு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும் உள்ளங்கையால் தடவினார். முள்ளிக்குளத்தில் அந்த வள்ளத்துக்குள் அப்படித்தான் தடவினார். மச்சாள் நிலத்தில் குந்திக்கொண்டு, அம்மாவின் சேற்றுக் காலைப் பிடித்துக்கொண்டு, வாய் விட்டு அழத் தொடங்கினாள். தட்டில் ஒன்றும் இல்லை.